வெடித்த பாகத்தை மாற்றும் முன்: ரிப்பேர் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிப்பேர் பழக ஆரம்பித்த முதல் வருடம். ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஒன்றை பிளஸ், மைனஸ் மாற்றித் தலைகீழாக வைத்துப் பற்றவைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. மீட்டரை எடுக்கத் திரும்பினேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அலுமினிய டப்பா பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் அடித்து எங்கோ விழுந்தது. மேசை முழுக்கச் சுருள் சுருளாக ஈரக் காகிதமும் மெல்லிய தகடும் கிடந்தன. மீன் கவிச்சி போல ஒரு வாடை அன்று இரவு வரை அறையை விட்டுப் போகவில்லை. ஒரு நொடி முன்பு வரை என் முகம் அந்த போர்டுக்கு நேர் மேலேதான் இருந்தது.

அதனால் ரிப்பேர் கற்றுக்கொள்ள வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: வெடித்த பாகத்தைக் கழற்றி, அதே மாதிரி ஒன்றை வைத்து, நேராக பிளக்கில் சொருகாதீர்கள். வெடித்த பாகம் பெரும்பாலும் வேறு எதற்கோ பலியாகியிருக்கும். அந்தக் காரணம் உள்ளேயே இருந்தால் புதுப் பாகமும் அதே வழியில்தான் போகும். என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

மூடியைத் திறக்கும் முன்

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி. படிக்கிற கண்ணாடி போதாது. பக்கவாட்டிலும் மறைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி ஹார்டுவேர் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அது இல்லாமல் கரண்ட் கொடுத்த எந்த போர்டின் மேலும் குனியாதீர்கள்.

அடுத்து, பொருளைக் கொண்டு வந்தவரிடம் பேசுங்கள். "ஓடவில்லை" என்று மட்டும்தான் அவர் சொல்வார். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்த நேரத்தில் போனதா? சத்தம் கேட்டதா? சில நாட்களாகவே ஏதாவது வாடை வந்ததா? பக்கத்து வீட்டிலும் ஏதாவது போனதா? அந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. அதன் பதில் எதைக் காட்டும் என்று பின்னால் வருகிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், லைன் உள்ளேயே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. டிவி, கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), இன்வெர்ட்டர் ஏசி போர்டு போன்றவற்றில் 230 வோல்ட் ஏசி, டயோடுகளைத் தாண்டி, பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. போர்டு நன்றாக ஓடும்போது அணைத்தால் அந்தச் சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடும். பழுதான போர்டில் அதை இழுத்துச் செலவழிக்க எதுவும் இருக்காது. இறக்குவதற்கென்று வைத்த ரெசிஸ்டரும் போயிருந்தால் நெடுநேரம் அப்படியே நிற்கும்.

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கால்களையும் தொட்டு "டப்" என்று இறக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள். செம்புத் தடம் உருகும், கெப்பாசிட்டர் அடிபடும், உருகிய உலோகம் கண்ணை நோக்கித் தெறிக்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, இரண்டு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் புரோப்பும் பொருத்தி, மேசையில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் அதை ஐந்து நொடி வையுங்கள், பெரிய கெப்பாசிட்டருக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அப்புறம் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு கை வையுங்கள்.

ஃபியூஸைப் படிப்பது

கண்ணாடி ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் செலவழித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் கம்பி நடுவில் மட்டும் அறுந்து, நுனிகளில் குண்டூசித் தலை மாதிரி சின்ன உருண்டை நின்று, கண்ணாடி தெளிவாக இருந்தால், கொஞ்சம் அதிகமான கரண்ட் மெதுவாக உருக்கியிருக்கிறது. சில சமயம் ஃபியூஸ் தானாகவே வயதாகியும் போயிருக்கலாம். அதன் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசியது போலவோ, கரி அப்பியது போலவோ இருந்தால், கம்பி உருகக்கூட நேரமில்லாமல் ஆவியாகியிருக்கிறது. உள்ளே முழு ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் புது ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது வீண். அதன் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதோ வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் கரியாகியிருந்தால், மீட்டரை கன்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் ரேஞ்சில்) வைத்து இந்த வரிசையில் போங்கள்: ஃபியூஸுக்கு அடுத்திருக்கும் நீலம் அல்லது மஞ்சள் நிற வட்ட வில்லை, அதாவது அதிக வோல்டேஜிலிருந்து போர்டைக் காக்கும் எம்ஓவி, பிறகு ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜின் நான்கு டயோடுகள், பெரிய கெப்பாசிட்டர், கடைசியாக ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) நிற்கும் மாஸ்ஃபெட், அதாவது கரண்டை வேகமாகத் திறந்து மூடும் மூன்று கால் பாகம். நல்ல டயோடு டயோடு ரேஞ்சில் ஒரு பக்கம் 0.5, 0.6 என்று காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் அது ஷார்ட். போர்டில் இருக்கும்போதே பார்த்தால் பக்கத்துப் பாகங்கள் குழப்பும், சந்தேகம் வந்தால் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். அதன் சோர்ஸ் காலில் ஒரு ஓமுக்கும் குறைந்த சின்ன ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அது பெரும்பாலும் அறுந்திருக்கும். மாஸ்ஃபெட்டை ஓட்டும் ஐசிக்கும் கேட் என்ற கால் வழியாக 325 வோல்ட் ஏறியிருக்கும். மூன்றையும் சேர்த்து மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் புது மாஸ்ஃபெட்டும் அதே நொடியில் போய்விடும். புதிதாக வருபவர்கள் அதிகம் பணம் விடுவது இந்த இடத்தில்தான்.

சீரிஸ் பல்பு

உங்கள் மேசையில் முதலில் செய்ய வேண்டிய கருவி இது. ஒரு மரப் பலகையில் ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். லைன் வயர் ஹோல்டர் வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வர வேண்டும். நியூட்ரல் நேராக வரலாம். எர்த்தும் நேராக, அறுபடாமல். ஹோல்டரில் 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

ஷார்ட் உள்ள போர்டை இந்த சாக்கெட்டில் சொருகினால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். பல்பு எரியத் தொடங்கிய பிறகு அதன் வழியே சுமார் 0.43 ஆம்பியருக்கு மேல் போக முடியாது, எனவே பெரும்பாலும் எதுவும் வெடிக்காது. போர்டு நன்றாக இருந்தால், பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி, உடனே அடங்கி, லேசாகச் சிவந்து நிற்கும் அல்லது முழுதாக அணைந்துவிடும். மின்னி அடங்குவதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. சீரிஸ் பல்பு பொருளைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அதே அளவு அடிக்கும். பட்டறைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். அதேபோல, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் மாதிரி அதிக கரண்ட் இழுப்பவை நல்ல நிலையில் இருந்தாலும் பல்பை எரிய வைக்கும், அங்கே இந்தச் சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

உப்பிய கெப்பாசிட்டர்

அடிக்கடி போகும் பாகம் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் திரவத்தில் ஊறிய காகிதம். மின்னழுத்தத்தைத் தாங்குவது தகட்டின் மேல் இருக்கும் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம். தலைகீழாக வைத்தால் அந்தப் படலம் கரைந்து, கரண்ட் பாய்ந்து, சூடேறி, வாயு உண்டாகிறது. மேல்தட்டில் குறுக்காகக் கீறி வைத்திருப்பது அந்த வாயு வெளியேறத்தான். அந்தக் கீறல் வழியே பிரிந்தால் "புஸ்" என்று புகையோடு போகும். வழி கிடைக்காவிட்டால் என் ஆம்ப்ளிஃபையரில் நடந்த மாதிரி டப்பாவே கிளம்பிவிடும்.

தலைகீழாக வைக்காமலே போவதற்குப் பெரிய காரணம் சூடு. 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி, அதாவது விடாமல் ஓடினாலும் மூன்றரை வருடத்துக்கு மேல். அதே பாகம் காற்றோட்டமில்லாத டிவி அலமாரிக்குள், தூசி அடைத்த செட்டாப் பாக்ஸில் 85 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் 8,000 மணிதான், ஒரு வருடம்கூட வராது. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் இந்தக் கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாக உப்பின. அதற்கு எலக்ட்ரோலைட், அதாவது காகிதம் ஊறியிருக்கும் அந்தத் திரவத்தின் கலவையில் இருந்த குறை காரணம். இன்று நம் மேசைக்கு வருபவை பெரும்பாலும் சூட்டில் வெந்தவைதான்.

மாற்றும்போது: கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டரின் உடம்பில் இருக்கும் பட்டை நெகட்டிவ் காலைக் காட்டும். போர்டில் அச்சடித்த குறியை மட்டும் நம்பாதீர்கள், சில தயாரிப்புகளில் அது நேர்மாறாக இருக்கும். மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும். வோல்டேஜ் அதே அளவோ அதிகமோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி ரகம் கேட்டு வாங்குங்கள். சின்ன மஞ்சள் அல்லது கருப்புக் கட்டி மாதிரி இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டரில் பட்டை பாசிட்டிவைக் காட்டும். ஆமாம், அப்படியே நேர் எதிர். பழகியவர்களே தவறும் இடம் இது. டான்டலம் தலைகீழானால் உப்பாது, ஷார்ட் ஆகிச் சுடர்விட்டு எரியும். பன்னிரண்டு வோல்ட் லைனில் 25 வோல்ட் டான்டலம் போடுவதுதான் பாதுகாப்பு.

சீலிங் ஃபேனில் கண்டென்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டர் வேறு ஜாதி. அது வெடிப்பது அபூர்வம். உள்ளே படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, 2.5 மைக்ரோஃபாரட் 1.5 ஆகிவிடும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். மீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்ச் இருந்தால் ஒரு நிமிட வேலை.

எம்ஓவி வெடித்திருந்தால் போர்டை விட்டு வெளியே பாருங்கள்

எம்ஓவி சாதாரணமாகச் சும்மா இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் கரண்டைத் தன் வழியே இழுத்து, ஃபியூஸைப் போகவைத்து, பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் காப்பாற்றும். 14டி471 என்று எழுதியிருந்தால் 14 மில்லிமீட்டர் விட்டம், 470 வோல்ட், ஏசியில் 300 வோல்ட் வரை தாங்கும். அது இரண்டாகப் பிளந்து, சுற்றிலும் கரி தெறித்திருந்தால் அந்த வீட்டு லைனில் ஏதோ நடந்திருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கேள்வி உதவும். நம் தெருக்களுக்கு வருவது மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400. பொது நியூட்ரல் எங்காவது கழன்றாலோ துருப்பிடித்து அறுந்தாலோ, வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நிற்கும். குறைவாக லோடு ஓடும் வீட்டுக்கு அதிக வோல்டேஜ் போகும். லைட் திடீரென்று கண் கூசும்படி எரிந்தது, ஃபேன் பறந்தது, அப்புறம் புகை வந்தது என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் போர்டைச் சரி செய்து கொடுப்பதோடு நிறுத்தாமல், மின்வாரியத்திலோ எலக்ட்ரீஷியனிடமோ சொல்லி நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட்டில் வோல்டேஜை அளந்து பார்த்த பிறகே பொருளைச் சொருகச் சொல்லுங்கள்.

எம்ஓவியை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் மட்டும் போட்டாலும் பொருள் ஓடும். பலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அது சரியில்லை, அடுத்த முறை அடி முழுக்க உள்ளே போகும். சில ரூபாய் பாகம், வாங்கிப் போடுங்கள்.

மிக்ஸி, டிரில், கட்டிங் மெஷின்: மூன்றும் ஒரே மோட்டார்

வீட்டு மிக்ஸியைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு டிரில்லும் ஆங்கிள் கிரைண்டரும் (கட்டிங் மெஷின்) தெரியும். சுற்றி நிற்பது ஃபீல்டு காயில், நடுவில் சுழல்வது ஆர்மேச்சர், அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர், அதை இரண்டு பக்கமும் உரசுவது கார்பன். முதலில் கார்பனைப் பாருங்கள். ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சமமாக இருக்காது.

பிறகு காற்றுத் துளை வழியே ஓடும்போது பாருங்கள். கார்பனுக்கு அடியில் மட்டும் சின்ன நீலப் பொறி இருந்தால் கவலை இல்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு வட்டமாக, வளையம் மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் தீ ஓடினால் ஆர்மேச்சர் போய்விட்டது. நிறுத்திவிட்டு, கார்பனைக் கழற்றி, அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். எல்லா ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு ஜோடி மட்டும் விலகினால் அந்தக் காயில் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். ஆர்மேச்சரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள்.

சரி, ஏன் போனது? மிக்ஸியில் பெரும்பாலும் கெட்டியான மாவு, நிறுத்தாமல் ஓட்டியது. ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லிப் பல மிக்ஸிகளில் போட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டன் வெளியே வந்தால் மோட்டார் ஆறட்டும், மாவைப் பாதியாக்குங்கள். வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகும் ஓட்டினால் காயிலைக் காப்பாற்ற முடியாது. கட்டிட வேலை மெஷின்களில் வேறு கதை: நூறடி நீள மெல்லிய வயரில் ஓட்டுவார்கள், வோல்டேஜ் இறங்கும், லோடில் வேகம் குறையும், உள்ளே இருக்கும் ஃபேனும் மெதுவாகும், மோட்டார் வெந்துவிடும். வயரை உருளையில் சுற்றியபடியே வைத்து ஓட்டினால் வயரும் சேர்ந்து உருகும்.

கட்டிங் வீல்

ஏஜி-4 என்று கடைகளில் சொல்லும் நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதாவது வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். இந்தக் கட்டுரையில் ஆளைக் கொல்லக்கூடியவற்றில் இதுவும் ஒன்று, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வீலில் 80 மீட்டர்/நொடி என்றும் பக்கத்தில் அதிகபட்ச ஆர்பிஎம்மும் அச்சடித்திருக்கும். நான்கு அங்குல வீலுக்கு 15,000-க்கு மேல் இருக்கும், ஏழு அங்குல வீலுக்கு 8,500 அளவில்தான் இருக்கும். கார்டை (வீலை மூடும் உலோகக் கவசத்தை) கழற்றிவிட்டு ஏழு அங்குல வீலைச் சின்ன மெஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு நூறு மீட்டரைத் தாண்டும். அது வெடிகுண்டைக் கையில் பிடிப்பது. நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் இருக்கும், அது காலாவதித் தேதி. பிசினால் ஒட்டிய வீல் ஈரத்தில் வலுவிழக்கும், தேதி தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள். மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள். புது வீல் மாட்டியதும் உங்களை விட்டு விலக்கிப் பிடித்து அரை நிமிடம் சும்மா ஓட்டுங்கள், விரிசல் இருந்தால் அப்போதே தெரியும். கார்டு எப்போதும் இருக்க வேண்டும், அதன் மூடிய பக்கம் உங்கள் பக்கம். மரம் அறுக்கப் பல் வைத்த ரம்ப பிளேடை இந்த மெஷினில் மாட்டவே கூடாது. பல் மரத்தில் கவ்வினால் மெஷின் கையை உதறிக்கொண்டு உடம்பை நோக்கி வரும்.

கார்ட்லெஸ் பேட்டரி

18 வோல்ட் பேட்டரிக்குள் பொதுவாக லித்தியம் செல்கள் ஐந்து தொடராக இருக்கும், முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21 வோல்ட். சார்ஜ் ஏறவில்லை என்று வந்தால் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளங்கள். நான்கு 3.9 காட்டி ஒன்று மட்டும் 1.8 காட்டினால் அந்தச் செல்லை வேறு சார்ஜரால் "எழுப்ப" முயலாதீர்கள். ரொம்ப நாள் அடிமட்டத்தில் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்து உள்ளேயே ஷார்ட் உண்டாகும். சார்ஜ் ஏற்றினால் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, பக்கத்துச் செல்லுக்கும் பரவும். 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தின் பேட்டரி எரிந்ததும் ஒரு செல்லுக்குள் தொடங்கிய ஷார்ட்டால்தான். எட்டு செல் பேட்டரி அது. அந்த மாதமே அந்த ரக விமானங்கள் முழுவதும் தரையிறக்கப்பட்டன.

உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். சார்ஜ் போடும் இடம் கட்டில் பக்கத்திலோ வாசல் வழியிலோ இருக்க வேண்டாம்.

சரி செய்த பிறகு

முதல் சுவிட்ச் சீரிஸ் பல்பு வழியாக. பல்பு அடங்கினால் அவுட்புட் வோல்டேஜை அளங்கள். அப்புறம் நேரடி சாக்கெட்டில், மூடியை வைத்துவிட்டு, ஒரு கை தூரம் தள்ளி நின்று சுவிட்சைப் போடுங்கள். அரை மணி நேரம் உண்மையான லோடில் ஓடட்டும். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கி, மாற்றிய பாகத்தின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத அளவு சுட்டால் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது, திரும்பத் தேடுங்கள். சரியாக இருந்தால் மூடியின் உட்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதியையும் என்ன மாற்றினீர்கள் என்பதையும் மார்க்கரில் எழுதிவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.